சிக்வின்: பொறுமை இருந்தால் நல்ல கருவி

விண்டோஸில் லினக்ஸ் பாணிக் கருவிகளைத் தரும், 1995இல் தொடங்கிய சிக்வின்னை இன்னும் யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், நான்தான். விண்டோஸை விட்டு வெளியேறாமல், மெய்நிகர் கணினி எதுவும் போடாமல், பாஷ், கிரெப், ஆக் போன்ற லினக்ஸ் கட்டளைக் கருவிகள் எல்லாம் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் முதல் வாரம் கொஞ்சம் படுத்தும். நோட்பேடில் நான் எழுதிய ஸ்கிரிப்ட் வரிக்கு வரி 'கட்டளை இல்லை' என்று கத்தியது, அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, வரி முடிவில் விண்டோஸ் பாணியில் ஒளிந்திருக்கும் அந்தக் கூடுதல் எழுத்துதான் வில்லன். அதை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் கட்டளையை ஓட்டியதும் சரியாகிவிட்டது.

அப்புறம், வேறு ஏதோ மென்பொருள் தன்னோடு கொண்டுவந்த பழைய சிக்வின்1.டிஎல்எல் (சிக்வின்னின் மையக் கோப்பு), விண்டோஸ் நிரல்களைத் தேடும் பாதையில் (PATH) கிடந்தால் மொத்தமும் குழம்பும். சிக்வின்னைச் சோதிக்கும் சிக்செக் -எஸ் கட்டளை அதைக் காட்டிக்கொடுத்துவிடும், முதலில் அதைப் பாருங்கள். ஃபோர்க் (ஓடும் நிரல் தன்னையே நகலெடுத்து இன்னொன்றைத் தொடங்குவது) பிழையா? சிக்வின் சன்னல்களை எல்லாம் மூடிவிட்டு நிறுவியை மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் போதும்.

வேகம் சுமார்தான். விண்டோஸில் லினக்ஸ் மாதிரி ஃபோர்க் கிடையாது, சிக்வின் அதை நடித்துக் காட்டுகிறது, அதனால் நூற்றுக்கணக்கான குட்டிக் கட்டளைகளை அழைக்கும் ஸ்கிரிப்ட் நொண்டும். லினக்ஸ் நிரலை அப்படியே ஓட்ட வேண்டுமா, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் பக்கம் போங்கள்.