தூரம் 2,000 கி.மீ. சரி, எத்தனை விமானம் மாறணும்?

தொலைவில் உள்ள இரண்டு சிறிய விமான நிலையங்களின் பெயரைப் போட்டுத் தேடினால், 2,000 கி.மீ., பறக்கும் நேரம் 2 மணி 55 நிமிடம் என்பது போல ஒரு விடை உடனே வந்து விழும். பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய வழியை அளந்து, ஜெட் வேகத்தால் (மணிக்கு 830 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்) வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்த கணக்கு அது. கணக்கில் குறை இல்லை. அந்த வழியில் விமானம்தான் பெரும்பாலும் இருக்காது.

ஆக, உண்மையான போட்டி வேறு வழிகளுக்கு இடையில். முதலாவது, ஒரே ஒரு பெரிய நிலையத்தில் மாறுவது. 1,300 கி.மீ. போய் இறங்கி, அங்கிருந்து 1,200 கி.மீ. என்று வைப்போம். சுற்று 500 கி.மீ.; ஜெட்டுக்கு அது வெறும் 36 நிமிடம். இன்னொரு தடவை ஏறி இறங்க அரை மணி, காத்திருக்க ஒன்றரை மணி. மொத்தம் ஐந்தரை மணி.

இரண்டாவது, இரண்டு இடத்தில் மாறுவது: 400, 1,500, 400. கூட்டினால் 2,300 கி.மீ.தான், முந்தையதைவிட 200 குறைவு. ஆனால் மூன்று முறை ஏறி இறங்கி, இரண்டு முறை காத்திருந்து முடிக்க, எல்லாம் ஜெட் என்றாலும் ஏறக்குறைய ஏழேகால் மணி நேரம் ஆகிவிடும். கிலோமீட்டரை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சிறிய தூரங்களுக்கு ஏ.டி.ஆர் 72 போன்ற, இறக்கையில் விசிறி சுழலும் விமானம் என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான். ஆனாலும் 400 கி.மீ. தூரத்துக்கு ஜெட்டோடு ஒப்பிட்டால் 19 நிமிடம்தான் வித்தியாசம். நேரத்தைத் தின்பது காத்திருப்பு.

மூன்றாவது வழி, பெரிய நிலையத்தோடு விமானத்தை முடித்துக்கொண்டு மீதியைச் சாலையில் போவது. 200 கி.மீ.க்குள் என்றால் நான் இதைத் தாராளமாகப் பரிசீலிப்பேன். சிறிய நிலையங்களுக்குப் பல வழித்தடங்களில் நாளுக்கு ஒரு விமானம்தான். முந்தைய விமானம் தாமதமாகி அதைத் தவறவிட்டால் அன்றைய இரவு அங்கேயே. கார் அப்படி விட்டுவிட்டுப் போகாது.

தூரம் மாறாமலே நேரம் மாறுவதும் உண்டு. லண்டன்–நியூயார்க் சுமார் 5,540 கி.மீ. மேற்கே போகச் சுமார் எட்டு மணி, திரும்பி வர ஏழு மணி. உயரத்தில் வீசும் காற்றின் வேலை. 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போகும் பயணம் ஒன்பதரை மணியிலிருந்து 13 மணி அளவுக்கு நீண்டது. இரண்டு ஊரும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

என் தேர்வு ஒரு மாற்றம் உள்ள வழி. எந்தப் பெரிய நிலையம் என்பதைக் பயணத்தின் கடைசிக் கட்ட விமானத்தைப் பார்த்து முடிவு செய்வேன்: சேரவேண்டிய ஊருக்கு எங்கிருந்து அதிக விமானம் போகிறதோ, அதன் வழியாக. அரை மணி கூடுதலானாலும் பரவாயில்லை. அப்புறம், எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருக்கவேண்டும். தனித்தனியாக எடுத்தால் பெரும்பாலும் நடுவில் பெட்டியை வாங்கி மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட்டுக்கு நீங்களே பொறுப்பு.