வாடகை வீடா, நில அறக்கட்டளை வீடா?

குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக உழைக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகள் வீட்டைத் தாமே வைத்துக்கொண்டு குறைந்த வாடகைக்கு விடலாம். அல்லது நிலத்தை மட்டும் தம்மிடம் நிறுத்திக்கொண்டு, அதன் மேலுள்ள வீட்டைக் குடும்பத்துக்கே விற்கலாம்; இதுவே நில அறக்கட்டளை முறை.

வாடகை முறையில் கூரை ஒழுகினால் பழுதுபார்ப்பது அமைப்பின் பொறுப்பு. வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுபவர்களுக்கும் தனித்து வாழும் முதியவர்களுக்கும் இந்த நிம்மதி பெரிது. ஆனால் எத்தனை ஆண்டு வாடகை கட்டினாலும் கையில் சொத்தாக எதுவும் சேராது.

நில அறக்கட்டளை முறையின் வேர், 1969இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய முயற்சியில் இருக்கிறது. 1984இல் வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டனில் நகராட்சியின் ஆதரவுடன் அமைந்த அறக்கட்டளை அதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. குடும்பம் நிலத்துக்கு விலை கொடுப்பதில்லை, பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகையே பெறுகிறது என்பதால், வீட்டின் விலை கைக்கெட்டும் அளவுக்கு இறங்குகிறது. குடும்பம் பின்னர் வீட்டை விற்கும்போது, கூடிய மதிப்பில் ஒரு பங்குதான் அதற்குக் கிடைக்கும். மீதி வீட்டிலேயே தங்குவதால்தான் அடுத்து வரும் ஏழைக் குடும்பமும் அதை வாங்க முடிகிறது. இந்த ஏற்பாட்டின் நியாயம் என்னை மிகவும் ஈர்க்கிறது. எனினும், இங்கே ஒழுகும் கூரைக்குக் குடும்பமே செலவழிக்க வேண்டும்.

நிலையான வருமானமும் அவசரச் செலவுக்குச் சிறு சேமிப்பும் உள்ளவர்களுக்கு இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன்; ஆனால் மறுவிற்பனை விதிகளைக் கையெழுத்திடும் முன் வரிக்கு வரி படித்துவிட வேண்டும்.