இவர் ஆபிஸ் மெடிக்ளைமா, என் ஆபிஸ் மெடிக்ளைமா?

கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு எங்களுடையது. எனக்கு ஓஎம்ஆரில் ஐடி வேலை, அவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. இரண்டு இடத்திலும் குரூப் மெடிக்ளைம், அதாவது ஊழியர்களுக்குக் கம்பெனி மொத்தமாக எடுக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. பிரசவம், பெரியவர்களின் வைத்தியம் என்று இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தாயிற்று, அதனால் எழுதுகிறேன். கம்பெனி பெயர், இன்சூரன்ஸ் பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பிரயோஜனம் இல்லை, ஒரே இன்சூரன்ஸ் கம்பெனி பத்து ஆபிஸுக்குப் பத்து விதமாகப் பாலிசி எழுதிக் கொடுக்கும்.

யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி "எத்தனை லட்சம்?" என்பதுதான். அவருடையது 6 லட்சம், என்னுடையது 5 லட்சம், எனவே அவருடையதுதான் பெரிசு என்று வீட்டில் முடிவே ஆகிவிட்டது. நான் இரண்டு பாலிசி விவரத்தையும் ஹெச்ஆரிடம் கேட்டு வாங்கி உட்கார்ந்து படித்தேன். அவருடையதில் ரூம் வாடகைக்கு ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 6,000 ரூபாய்தான் வரம்பு. என்னுடையதில் சிங்கிள் ஏசி ரூம், ரூபாய்க் கணக்கு கிடையாது. இது ஏதோ ரூம் வசதி சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம், பணம் போகிற ஓட்டையே இதுதான். 6,000 வரம்பு வைத்துக்கொண்டு 9,000 ரூபாய் ரூமில் படுத்தால், அந்த 3,000 மட்டும் நம் கையை விட்டுப் போகாது. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் என்று ரூமை ஒட்டி ஏறும் கட்டணம் எல்லாவற்றிலும் மூன்றில் இரண்டு பங்குதான் தருவார்கள். அந்த வகையில் ஒன்றரை லட்சம் பில் வந்தால் 50,000 நம் தலையில். மருந்து, ஸ்டென்ட் மாதிரி உள்ளே வைக்கும் பொருள், ஸ்கேன், லேப் டெஸ்ட் இதிலெல்லாம் இப்படி விகிதம் போட்டு வெட்டக்கூடாது என்று 2020லேயே ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணையம்) சொல்லிவிட்டது, ஐசியு வாடகையும் அப்படித்தான். அப்படியும் வெட்டி அனுப்பினால் எதை எந்தக் கணக்கில் வெட்டினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்த வில்லங்கம் ஃப்ளோட்டர், அதாவது ஒரே தொகையைக் குடும்பமே பங்கு போட்டுக்கொள்வது. அவருடைய 6 லட்சத்துக்குள் அவர், நான், குழந்தை, அவருடைய அப்பா அம்மா என்று ஐந்து பேர் இருக்கிறோம். மாமனாருக்கு ஒரு பைபாஸ் வந்தால் அந்த வருஷத்துக்கு மீதி நான்கு பேரும் மிச்சம் மீதியில்தான் காலம் தள்ள வேண்டும். ஆனாலும் அந்தப் பாலிசியைக் குறை சொல்ல மாட்டேன், பெரியவர்களுக்கு அது தங்கம். அப்பா அம்மாவுக்குத் தனி பிரீமியம் இல்லை, கோ-பே (பில்லில் ஒரு பங்கை நாமே கட்டுவது) இல்லை, ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றுக்கும் முதல் நாளில் இருந்தே கவர். அறுபது தாண்டியவருக்கு வெளியே புதிதாக ஒரு பாலிசி எடுத்துப் பாருங்கள், இதன் அருமை தெரியும். கண்புரைக்கு மட்டும் ஒரு கண்ணுக்கு 40,000 என்று வரம்பு, லென்ஸ் கொஞ்சம் நல்லதாகக் கேட்டால் மேலே நாம்தான் போட வேண்டும்.

என் ஆபிஸில் பெற்றோரைச் சேர்க்க சம்பளத்தில் பிடிப்பார்கள், அதிலும் 20 சதவீதம் கோ-பே. கூடவே ஒரு நிபந்தனை: அப்பா அம்மா, இல்லையென்றால் மாமனார் மாமியார், ஏதாவது ஒரு ஜோடிதான். இங்கே ஒருவர் அங்கே ஒருவர் என்று கலந்து எடுக்க முடியாது. நிறைய கம்பெனிகளில் இப்படித்தான். மாமனார் மாமியார் அவர் பாலிசியில் இருக்கிறார்கள், அதனால் நான் என் அப்பா அம்மாவைச் சேர்த்தேன். (இதைக் குடும்பத்தில் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதற்குத் தனியாக ஒரு ரிவ்யூ எழுதலாம், விடுங்கள்.) பிடிக்கிற பிரீமியத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி நீங்கியது தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்குத்தான், குரூப் பாலிசிக்கு இல்லை. நம் சம்பளத்தில் பிடித்த தொகையை மருத்துவக் காப்பீட்டுக்கான வருமான வரிக் கழிவில் (80டி) காட்டலாம், பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.

ஆக, எங்கள் கணக்கு இதுதான். எனக்கோ அவருக்கோ குழந்தைக்கோ ஒன்று என்றால் முதலில் என் பாலிசி. அவர் பெற்றோருக்கு அவருடையது. இரண்டிலும் பெயர் இருப்பது தப்பில்லை, ஒன்றில் பணம் போதவில்லை என்றால் மீதியை இன்னொன்றில் கேட்கலாம். பிரசவத்துக்கு அப்படித்தான் செய்தோம். சிசேரியனுக்கு என்னுடையதில் 75,000 வரம்பு, சென்னையில் ஒரு சுமாரான தனியார் ஆஸ்பத்திரி பில்லுக்கே அது போதாது. மீதியை அவருடைய பாலிசியில் ரீஇம்பர்ஸ்மென்ட்டாக (நாம் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்குவது) போட்டோம். கேஷ்லெஸ்ஸில் (இன்சூரன்ஸே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) ஒரிஜினல் பில் எல்லாம் முதல் டிபிஏவுக்கே (இன்சூரன்ஸ் சார்பில் கிளெய்மைக் கவனிக்கும் ஏஜென்சி) போய்விடும், ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே ஆஸ்பத்திரி சீல் வைத்த இன்னொரு செட் கேட்டு வாங்குங்கள், முதல் இன்சூரன்ஸிடமிருந்து செட்டில்மென்ட் லெட்டரும் வாங்குங்கள். இரண்டும் கையில் இருந்தும் அவருடைய டிபிஏ அதே பேப்பரைத் திரும்பத் திரும்பக் கேட்டு உயிரை எடுத்தது. கடைசியில் பணம் வந்தது, ஹெச்ஆர் மெயில் போட்ட பிறகு. போன் பண்ணிக்கொண்டிருப்பது வீண், முதலிலேயே ஹெச்ஆரை சிசியில் போடுங்கள்.

கேஷ்லெஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்தில் அனுமதி, டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் முடிவு என்று 2024ல் ஐஆர்டிஏஐ விதி வந்திருக்கிறது. சரி, அப்படியானால் ஏன் சாயந்திரம் வரை பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றால், அந்த மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரி கடைசி பில்லை அனுப்பிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. டாக்டர் போகலாம் என்று சொன்ன உடனே பில்லிங் கவுண்டரில் போய் நில்லுங்கள்.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் கவனத்துக்கு: மனைவி அல்லது கணவன் பெயரையும், பிறந்த குழந்தையின் பெயரையும் சேர்க்கப் பொதுவாக ஒரு மாதம்தான் அவகாசம் தருவார்கள், விட்டால் அடுத்த ரினீவல் வரை காத்திருக்க வேண்டும். பெற்றோரை நடுவில் சேர்க்க பெரும்பாலும் விடவே மாட்டார்கள். அப்புறம், சில கம்பெனிகளில் கார்ப்பரேட் பஃபர் என்று ஒரு தொகை ஒதுக்கி வைத்திருப்பார்கள், யாருக்காவது பெரிய வியாதி வந்து காப்பீட்டுத் தொகை தீர்ந்துவிட்டால் அதிலிருந்து கொடுப்பார்கள். அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

மார்க் போடச் சொன்னால் என் ஆபிஸ் பாலிசிக்கு ஐந்துக்கு நான்கு, கோ-பேயினால் ஒன்று குறைத்தேன். அவருடையதற்கு எங்கள் மூவர் கணக்கில் இரண்டரை, மாமனார் மாமியார் கணக்கில் நாலரை.

இரண்டும் இருக்கிறதே, சொந்தமாக எதற்கு என்று அவர் கேட்டார். வேலை போன அன்று இந்தக் கவரும் போய்விடும், ஐடியில் அது எப்போது என்று யாருக்கும் தெரியாது. வெளியே வாங்கும் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம், அந்தக் கடிகாரம் நாம் வாங்கிய நாளில்தான் ஓட ஆரம்பிக்கும். அதனால் எங்கள் மூவருக்கும் சின்னதாக ஒரு குடும்பப் பாலிசியும், அதன் மேல் 5 லட்சம் டிடக்டிபிள் வைத்த, அதாவது வருஷத்தில் முதல் 5 லட்சத்துக்கு மேல் ஆகும் செலவை மட்டும் தரும், ஒரு சூப்பர் டாப்-அப்பும் எடுத்திருக்கிறோம். அந்த முதல் 5 லட்சத்தை ஆபிஸ் பாலிசி கட்டினாலும் டாப்-அப் செல்லும். முதல் 5 லட்சம் டாப்-அப்பின் பொறுப்பில் இல்லை என்பதால் பிரீமியமும் பயந்த அளவுக்கு இல்லை.