விளையாட்டு ஹிஜாப்: ஆடுகளத்தில் அணிந்து பார்த்த ஒருத்தியின் மதிப்பீடு

தலையை மூடிக்கொண்டு இறகுப்பந்து ஆடும் எங்களைப் போன்றவர்களுக்கு இதுநாள்வரை இரண்டு வழிகள்தாம் இருந்தன. தொழுகைக்கு அணியும் மக்கனாவையே மாட்டிக்கொண்டு ஆடலாம். ஆனால் ஸ்மாஷ் அடிக்கக் கையை உயர்த்தியதுமே அது மேலேறி முகத்தை மறைத்துவிடும். பருத்தித் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றி ஊசி குத்திக்கொள்ளலாம். வியர்வையில் ஊறி அது கனத்துப்போவதோடு, ஊசி நழுவினால் தொண்டையையும் பதம் பார்த்துவிடும். சில மாதங்களாக நான் அணிந்துவரும் விளையாட்டு ஹிஜாப் இவ்விரண்டு தொல்லைகளையும் பெருமளவு தீர்த்துவிட்டதால், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாலியெஸ்டரும் ஸ்பான்டெக்ஸும் கலந்த, இழுத்தால் நீளும் துணி இது. ஊசியும் முடிச்சும் கிடையாது. தலைவழியாக மாட்டிக்கொண்டால் போதும். நெற்றிப் பட்டை அகலமாக இருப்பதால் வியர்வை கண்ணுக்குள் வழிவதில்லை. காதுப் பகுதியில் நுண்துளைகள் கொண்ட வலைத்துணி வைத்துத் தைத்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரட்டையர் ஆட்டத்தில் பின்னால் நிற்கும் இணை ‘விடு, விடு’ என்று கத்துவது இப்போது தெளிவாகக் கேட்கிறது. பின்பகுதி நீளமாக இருப்பதால் சட்டைக்குள் செருகிக்கொள்ளலாம், குனிந்து எழுந்தாலும் வெளியே வருவதில்லை. இரவில் அலசிப் போட்டால் காலையில் உலர்ந்திருக்கும். தாடைக்குக் கீழே வரும் தையல் மட்டும் தடிப்பாக இருப்பதால், நீண்ட ஆட்டத்துக்குப் பிறகு அந்த இடம் சிவந்து எரிகிறது. நான் வாங்கிய இடத்தில் கறுப்பைத் தவிர வேறு நிறமும் இல்லை; வெயிலில் ஓடுபவர்களுக்குக் கறுப்பு உகந்ததன்று.

கழுத்தில் சிக்கும், காயம் உண்டாக்கும் என்பதுதான் கால்பந்து உலகம் ஹிஜாபைத் தடுக்கச் சொன்ன முதன்மையான காரணங்களில் ஒன்று. 2007இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி அதற்காகவே ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டாள். 2011 ஜூனில் ஜோர்டானின் அம்மான் நகரில், லண்டன் ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றில் ஈரான் பெண்கள் அணி களத்தில் இறங்க முடியாமல் திரும்பியது. ஊசியில்லாத, சிக்கினால் கழன்றுவரும் வடிவங்கள் வந்தபின் 2012இல் சோதனை முறையிலும் 2014இல் முழுமையாகவும் அனுமதி கிடைத்தது. 2023 ஜூலையில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா, பெண்கள் உலகக் கோப்பையில் ஹிஜாபுடன் ஆடிய முதல் வீராங்கனையானார். தையலின் திறத்தால் தீர்ந்துபோயிருக்க வேண்டிய சிக்கல் இது.

ஆனால் பிரான்சில் அது தீரவில்லை. 2019 பிப்ரவரியில் டெகத்லான் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம் மொராக்கோவில் விற்றுவந்த ஓட்டப் பயிற்சி ஹிஜாபைப் பிரான்சிலும் விற்கப்போவதாகத் தெரிந்தவுடன் அரசியல்வாதிகள் கொதித்தெழுந்தனர். ஊழியர்களுக்கு மிரட்டல்கள் வந்ததாகக் கூறி நிறுவனம் அத்திட்டத்தைக் கைவிட்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே பெண்ணியச் சிந்தனையாளர் எலிசபெத் பாதாந்தேர், இஸ்லாமிய உடைகளை விற்கும் நிறுவனங்களைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்திருந்தார். அதே நாட்டில், 1970களின் பெண்கள் இயக்கத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கிறிஸ்தீன் டெல்ஃபி, அரசுப் பள்ளிகளில் முக்காட்டைத் தடைசெய்த 2004ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து நின்றார். எனக்கு டெல்ஃபியின் பக்கமே நியாயமாகப் படுகிறது. ஒடுக்கப்பட்டவள் என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டு, அவள் ஓடி ஆடும் இடத்தின் வாசலையும் அடைத்துவிட்டால், அவள் திரும்பிப் போவதற்கு வீடு ஒன்றுதான் மிஞ்சும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பிரான்சு வீராங்கனைகளுக்கு மட்டும் ஹிஜாப் மறுக்கப்பட்டது. ஓட்ட வீராங்கனை சுன்கம்பா சில்லா தொடக்க விழாவில் ஒரு தொப்பியால் தலையை மூடிக்கொள்ள நேர்ந்தது.

இதைச் சொல்லும்போது ஈரானை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. 2022 செப்டம்பரில், ஹிஜாப் விதியை மீறியதாகப் பிடித்துச் செல்லப்பட்ட மஹ்சா அமினி காவலில் மயங்கி விழுந்து உயிரிழந்தார். அங்கே முக்காட்டை எரித்த பெண்களும், பிரான்சில் முக்காட்டுடன் கால்பந்து ஆடக் கேட்டு நீதிமன்றம் சென்ற பெண்களும் என் கண்ணுக்கு ஒரே அணியினராகத்தான் தெரிகிறார்கள். தலையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவுசெய்ய வேண்டும் என்றுதான் இருவரும் கேட்கிறார்கள்.

நான் ஆடும் உள்ளரங்கிலும் இரு தரப்பையும் சந்தித்திருக்கிறேன். பெண்ணுரிமைக் கூட்டங்களில் முன்வரிசையில் நிற்கும் ஓர் அக்கா, என் ஆட்டத்தை மனமாரப் பாராட்டிவிட்டு, “வீட்டில் கட்டாயப்படுத்துகிறார்களாம்மா?” என்று தணிந்த குரலில் கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார், ஆயினும் என் பதிலுக்குப் பிறகும் அவர் முகத்தில் இரக்கம் மாறவில்லை. இன்னொரு பக்கம், “பொம்பளப் பிள்ளைக்கு இந்த ஆட்டமெல்லாம் எதுக்கு?” என்று என் உம்மாவிடம் கேட்ட உறவினர்களும் உண்டு. என் ராக்கெட்டைப் பிடுங்க நினைப்பவர்கள் இவர்கள்தாம் என்பதால், இவர்களிடம் எனக்குக் கோபம் அதிகம். அந்த அக்காவோடு எனக்கு வேண்டியது பேச்சு. அவர் என் பக்கத்தில் நிற்க வேண்டியவர்.

வாங்குவோர் முகச்சுற்றளவைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுங்கள். கூந்தல் அடர்த்தியாக உள்ளவர்கள் ஓர் அளவு பெரிதாக எடுப்பது நல்லது. மகளுக்காக வாங்குபவர்கள், அவளுக்கு இது வேண்டுமா என்று முதலில் அவளிடமே கேட்டுவிட்டு, வேண்டும் என்றால் கடைக்கு அழைத்துச் சென்று, மாட்டிக் கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். துணி நெற்றியை விட்டு நகராவிட்டால் அதுவே சரியான அளவு.