கும்பகோணத்தில் பழைய ஒமேகா வாட்ச் என்று காட்டினால் ஜாக்கிரதை

46,000 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மயிலாடுதுறை அத்தை வீட்டுக்குப் போகிற வழியில் கும்பகோணத்தில் குத்துவிளக்கு வாங்க இறங்கினோம். பித்தளைச் சாமான், எனாமல் தட்டு, பழைய கதவு எல்லாம் விற்கிற பழம்பொருள் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் சுவிஸ் கம்பெனி ஒமேகாவின் சீமாஸ்டர் வாட்ச்! டயலில் ஆட்டோமேட்டிக் என்று எழுத்து, பின்மூடியில் கடல்குதிரை முத்திரை. எனக்கு வாட்ச் பைத்தியம் உண்டு. கடைக்காரர் அதை என் முகத்திலேயே படித்துவிட்டார்.

"நாகூர்ல ஒரு சபராளி வீட்டுப் பொருள் சார். சிங்கப்பூர்ல வாங்கினது. பேரப்பசங்களுக்கு அருமை தெரியல." நாகூர், நாகப்பட்டினம் பக்கம் கப்பலில் போய் வந்தவர்கள் வீட்டில் இப்படிப் பொருள் இருக்கத்தானே செய்யும்? பையனை அனுப்பி டிகிரி காபி வரவழைத்தார். வாட்சை என் காதோரம் பிடித்து, "கேளுங்க, இது பேட்டரி சத்தமா?" என்றார். நான் விலைக்குத் தயங்கியதும், "வேண்டாம்னா வெச்சிட்டுப் போங்க சார். உங்க கையில இருந்தா பொருளுக்கு மரியாதைன்னு தோணுச்சு." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 46,000.

பணம் கடைப் பெயருக்கு இல்லை, அவர் மச்சான் நம்பருக்கு ஜிபே. பில் என்று தந்தது, 'பழைய கைக்கடிகாரம் 1 - 46,000' என்று பேனாவில் கிறுக்கிய துண்டுச் சீட்டு.

கழற்றாமல் கட்டியிருந்த வாட்ச் மறுநாள் மதியம் நின்றுவிட்டது. ஆட்டோமேட்டிக் என்றால் கை அசைய அசையத் தானே சாவி ஏறும், கட்டியிருக்கும்போது நிற்கவே கூடாது. மயிலாடுதுறையில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் மூடியைத் திறந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் லென்ஸை என்னிடம் நீட்டினார். கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் ரோட்டரே உள்ளே கிடையாது. நம் நாட்டு எச்.எம்.டி. கம்பெனி என்று எழுத்து, 17 ஜுவல்ஸ் (மெஷினில் பதிக்கும் சிறு கற்கள்). அந்தக் கால ஒமேகா ஆட்டோமேட்டிக் மெஷின் செம்பு நிறத்தில் இருக்கும், பெயரும் வரிசை எண்ணும் வெட்டியிருக்கும் என்றார். டயலும் புதுப் பெயின்ட். "நிமிஷக் கோட்டைப் பாருங்க தம்பி, ஒண்ணு தடிமன், ஒண்ணு ஒல்லி." எச்.எம்.டி. மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பா காலம் முழுக்கக் கட்டியது அவர்களுடைய ஜனதா மாடல்தான். ஆனால் அதற்கு யார் 46,000 கொடுப்பார்கள்?

போன் போட்டால் முதலில், "60 வருஷப் பொருள் சார், நடுவுல யாராவது மெஷினை மாத்தியிருப்பாங்க." அடுத்து, "அண்ணன் திருநள்ளாறு போயிருக்காரு." அப்புறம் ரிங் மட்டும் போகிறது. நேரில் போய் நின்றேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒமேகான்னு எங்க சார் எழுதியிருக்கு?" என்று சிரிக்கிறார். விடாமல் நின்றதும், "வேணும்னா 4,000-க்கு நானே எடுத்துக்கிறேன்" என்கிறார். அவர் விற்ற வாட்சை! இந்த முறை காபி வரவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன், கடைப் பெயரைக் கேட்காதீர்கள். பழைய வாட்ச் எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. மூடியைத் திறந்து காட்டாமல் பத்து பைசா கொடுக்காதீர்கள். பில்லில் கம்பெனி பெயரும் மெஷின் எண்ணும் எழுதச் சொல்லுங்கள், இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு ஆள் நம்பருக்குப் பணம் போடச் சொன்னாலும் அப்படியே. சபராளி வீடு, ஜமீன் வீடு என்று எந்த வீட்டுக் கதை சொன்னாலும், அந்த வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள்.