ஏற்காட்டு இயற்கை முகாமில் ஓர் இரவு

2023 டிசம்பர் 13 அன்று, அமாவாசையை ஒட்டி வந்த மிதுன விண்கல் பொழிவைக் காண்பதற்காக, சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு முகாமில் தங்கினோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்ற களைப்பை மாலையிலேயே போக்கியது ஆறுமணிக் குருவி. குளிர்காலத்தில் இமயமலை அடிவாரத்திலிருந்து தெற்கே வரும் அந்தப் பறவை, காப்பிச் செடியடியில் சருகுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அதன் வாலடியிலிருந்த குங்குமச் சிவப்பைப் பத்தடி தூரத்தில் பார்த்தோம். ஒலியெழுப்பி அதை வரவழைக்க வேண்டாமென வழிகாட்டி கண்டிப்புடன் மறுத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரவில் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை என்று பாட்டி சொன்ன பெயர்களைக் கொண்டே வழிகாட்டி வானத்தைக் காட்டினார். இருளுக்குக் கண் பழக அரைமணி நேரம் வேண்டும் என்பதால் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சுகளையே தந்தார்கள். ஆனால் சமையலறை டியூப்லைட்டை நள்ளிரவு வரை அணைக்காதது பெரிய குறை. தெற்கே சேலத்து வெளிச்சம் அடிவானத்தை மங்கச் செய்வதால், வடக்கு நோக்கிய மேடையைக் கேட்டு வாங்குங்கள். கம்பளிப் போர்வை அவசியம்.