பெயரோடு பதிவதா, பெயரில்லாமல் பதிவதா?

குழந்தை பிறந்த வீட்டில் முதல் வாரத்திலேயே இரண்டு கட்சி உருவாகிவிடும். ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவுக்கு விவரம் கேட்கும்போதே பெயரையும் கொடுத்துவிடலாம் என்பது ஒன்று. தொட்டிலில் போட்டுப் பேர் சொல்லும்வரை அது காகிதத்தில் ஏறக்கூடாது என்பது மற்றொன்று. சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது.

பிறப்பைப் பதிவதும் பெயரைப் பதிவதும் வேறு வேறு வேலை. பிறப்புக்குக் கெடு 21 நாள். ஆஸ்பத்திரியில் பிறந்தால் தகவல் தருவது அவர்கள் பொறுப்பு. வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர் பொறுப்பு. 21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் அதிகாரியின் எழுத்துமூல அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் நடுவரின் ஆணை என்று அலைச்சல் கூடிக்கொண்டே போகும். பெயருக்கோ பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமே கிடையாது. அப்புறமும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். எனவே பெயர் முடிவாகவில்லை என்று பதிவையே தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதியும்போது கொடுக்கும் பிக்மி எண்ணையும், பெற்றோரின் ஆதாரையும் எப்படியும் கேட்பார்கள்.

பெயரோடு பதிந்தால் ஒரே நடையில் வேலை முடிகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்றால் இது பெரிய வசதி. குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. பெற்றோர் குடியிருக்கும் ஊர் கணக்கில் வராது. மதுரையில் பிறந்த குழந்தைக்குச் சென்னையில் இருந்துகொண்டு பெயர் சேர்க்க நினைத்தாலும், மதுரைப் பதிவாளரைத்தான் பார்க்க வேண்டும்.

பெயரில்லாமல் பதிந்தால் கிடைப்பது அவகாசம். பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ பேர் வைக்கிற வீடுகளுக்கு 21 நாளே போதும். முப்பதாம் நாள் வைப்பவர்களுக்கும், எண்கணிதக்காரரின் பதிலுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் போதாது. ஆங்கில எழுத்தில் 'எச்' ஒன்றா இரண்டா என்பதில் தாத்தாக்கள் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்ட வீடுகளும் உண்டு!

அவசரத்தில் கொடுத்த பெயர்தான் பிறகு வதைக்கும். காலியாக விட்ட கட்டத்தை நிரப்புவது சுலபம். எழுதிய பெயரைத் திருத்தவோ, பிழை நேர்ந்தது என்று ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். மனம் மாறிவிட்டது என்பதெல்லாம் பிழையில் சேராது.

ஆனால் காலிக் கட்டத்தை அப்படியே மறந்துவிடவும் கூடாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பெயரில்லாத சான்றிதழ் அங்கே பாதிச் சான்றிதழ்தான்.

என்னைக் கேட்டால், எழுத்துவரை முடிவாகிவிட்டதென்றால் ஆஸ்பத்திரியிலேயே பெயரைக் கொடுத்துவிடுங்கள். ஓர் எழுத்தில் இழுபறி இருந்தாலும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, முதல் பிறந்தநாளுக்கு முன்பே போய்ச் சேர்த்துவிடுங்கள். எந்தக் கட்சியானாலும், படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பதை உங்கள் ஆதார் அட்டையோடு ஒப்பிட்டு, அப்பா அம்மா பெயர்களையும் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.